கறுப்புக்கு எண் பூச்சியம்

யூன் 3, செவ்வாய்

கணினி டிப்ளோமாவின் கடைசிச் செய்முறைக்கு என்ன செய்வதென்று மண்டையைப் போட்டு உடைத்து, கடைசியில் காகம் என்ற யோசனையைப் பிடித்தேன். நாயாற்றுக் கடற்கரையில் எங்கள் முற்றத்தில் அம்மா கருவாடு காயப்போடுவார். கொத்த வரும் காகத்தை போன் கமரா கண்டதும் சத்தம் போட வேண்டும். 13ஆம் திகதி படிப்பிக்கும் விஜிதரன் சேர் பார்க்க வருகிறார். செய்முறை பிழைத்துப்போனால் டிப்ளோமா இல்லை. எனக்கு நானே கைதட்டிக்கொண்டேன்.

யூன் 5

பாடத்தை எனக்கே சொல்லிப் பார்க்கிறேன். கணினிக்குப் படம் என்பது குட்டிக் குட்டிக் கட்டங்கள், கட்டத்துக்கு ஓர் எண். முழுக் கறுப்பு பூச்சியம், முழு வெள்ளை 255. வெள்ளை மணலில் சின்ன எண்கள் கூட்டமாக நின்றால் அது காகம். என்ன மூளை எனக்கு!

யூன் 7

முதல் சோதனை. போன் கத்தியது. ஓடிப்போய்ப் பார்த்தால் — அம்மா.

"டேய் மெல்ரொன், நான் என்ன காகமே?"

அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலி முடிந்து மாதங்களாகியும் அம்மா கறுப்பு உடுப்பை மாற்றவில்லை. மீன் புரட்டக் குனியும்போதெல்லாம் கத்தியது. உண்மையான காகத்தின் இறகு வெயிலில் மினுங்கியதால் எண் கூடி, அதற்குப் போன் கத்தவில்லை. அது ஆறுதலாக, அவசரமே இல்லாமல், ஒரு கீரிமீனைத் தூக்கிக்கொண்டு போனது.

யூன் 8, ஞாயிறு

பூசை முடிந்து வரும்போது கேட்டேன். "அம்மா, இனிக் கறுப்பை மாத்தினால் என்ன?"

"உன்ர மிசினுக்காகவோ?"

"ஓம்" என்றேன். மடையன்! உங்களை அந்தக் கறுப்பில் பார்க்க எனக்குத் தாங்கவில்லை என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்? அவர் என்னை விட்டுவிட்டு விறுவிறென்று முன்னால் நடந்தார்.

யூன் 10

சோறு போட்டார். என்னோடு கதைபேச்சு இல்லை.

யூன் 12

ஒருவழியாகப் புத்தி வந்தது. நிறம் மட்டும் போதாது. கறுப்புக் கூட்டம் எவ்வளவு பெரியது என்றும் பார்க்க வேண்டும். புத்தகத்தில் அடுத்த பாடமே அதுதான், நான்தான் புரட்டவில்லை. மினுங்கும் இறகுக்காக, கறுப்பு என்று கொள்ளும் எண்ணின் எல்லையையும் கொஞ்சம் கூட்டினேன். பக்கத்து வீட்டுக் கிறிஸ்தோப்பர் அண்ணையின் கறுப்புக் குடையை விரித்துப் பார்த்தேன், சத்தமில்லை. காகம் வந்தது, போன் கத்தியது. இனி அம்மா எந்த உடுப்போடும் நிற்கலாம். காலையில் சொல்ல வேண்டும்.

யூன் 13

சொல்லவில்லை.

சேர் வந்து கதிரையில் இருந்ததும் அம்மா குசினியிலிருந்து வந்தார். நீலச் சட்டை, அதில் வெள்ளைப் பூ. அப்பா பெருநாளுக்கு எடுத்துக் கொடுத்தது.

"இப்ப கத்தாதுதானே, தம்பி?"

"கத்தாதம்மா."

காகத்துக்குக் கத்தியது. நான் சித்தியடைந்துவிட்டேன் என்றார் சேர். அவர் போன பிறகும் அம்மா சட்டையை மாற்றவில்லை. அதோடேயே கடைக்குப் போய் வந்தார்.

கறுப்புக்கும் கத்தாது என்று அவருக்கு நான் சொல்லப்போவதில்லை.