முறைத் தண்ணி நோட்டு

1-2-1974, வெள்ளி. பெருமாட்டி.

எங்கள் கட்சிக் கிளைத் தலைவர் ஊர் வாய்க்கால் தண்ணியைத் தன் தென்னந்தோப்புக்குத் திருப்பிக்கொண்டார். ஊரே காறித் துப்புகிறது. இன்று சாயங்காலம் கமிட்டி கூடி அவரை நீக்குவதாக ஏற்பாடு. தீர்மானத்தை எழுதியவனே நான்தான்.

கூட்டத்தில் அதைப் படித்து முடித்தேன். மனுசன் கோபப்படவே இல்லை. சட்டைப் பையிலிருந்து முறைத் தண்ணி நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒரு வயலுக்கு வாரம் ஒரு தடவைதான் தண்ணி. மடை திறந்துவிடுவது அவர் பொறுப்பு; யாருக்கு எந்த நாள் திறந்தார் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

"நான் எறங்கிக்கறனுங்க. புதுத் தலைவர் இதை வாங்கி, நாளைக்கு ஊர்க் கூட்டத்துல படிச்சுக் காட்டட்டும்."

ஒருத்தரும் கை நீட்டவில்லை. மாஸ்டர் கூரையைப் பார்த்தார். பொன்னுச்சாமி அண்ணன் மட்டும், தீர்மானத்தில் ஒரு வார்த்தை சரியில்லை என்றார். 'நீக்குகிறது' என்பதை அடித்து 'முழு நம்பிக்கை தெரிவிக்கிறது' என்று நானே திருத்தினேன். அவசரத்தில் மேலே இருந்த குற்றச்சாட்டை அடிக்க மறந்துவிட்டேன். தீர்மானம் இப்படி ஆகிவிட்டது: ஊர்த் தண்ணியைத் தன் தோப்புக்குத் திருப்பிய தலைவர்மேல் கமிட்டி முழு நம்பிக்கை தெரிவிக்கிறது. ஏழு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

வீட்டுக்கு வந்ததும் சரசு, "ஏனுங்க, அந்தாளை எறக்கிப்போட்டீங்களா?" என்றாள்.

"ஒருமனதா முடிவு பண்ணியாச்சு" என்றேன்.

பேனாவை வைக்கிறேன். மண்வெட்டியும் டார்ச்சும் சரசு வாசலில் எடுத்து வைத்திருக்கிறாள். இந்த வாரத்தில் நம் வயலுக்கு இது மூன்றாவது தண்ணி.