ஒரு சாண் இரும்பு

4 அக்டோபர் 2025

மழை தூறல். கீழே இறங்கவில்லை. இந்த வாரத்தில் ஒரு தடவைகூட இறங்கவில்லை. இரண்டாவது மாடியில் வீடு பிடித்தவன் என் மகன் மின்ஹாஜ். அம்மாவுக்குக் கால் இப்படி என்று தெரிந்தே பிடித்தான். கேட்டால், "காத்து வருதுல்லம்மா" என்கிறான். காற்று வருகிறது. நான்தான் எங்கும் போகவில்லை.

சாயங்காலம் வந்து, மக்காவுக்கு உம்ரா போக டிக்கெட் போட்டாயிற்று என்றான். நவம்பர் எட்டு. அவனும் நானும். மதுரையிலிருந்து கொழும்பு, அங்கிருந்து ஜித்தா. அவன் அத்தா இருக்கும்போது இரண்டு தடவை கிளம்பினோம், இரண்டு தடவையும் நின்றது. முதல் தடவை மாமியார் விழுந்து படுத்தார். இரண்டாம் தடவை என் வீட்டுக்காரரே போய்ச் சேர்ந்துவிட்டார். இது மூன்று. இதையும் விட்டால் எனக்கு வயது இல்லை.

மருமகள் இஷ்ரத் என் கையைப் பிடித்து முத்தம் வைத்தாள். போன ரமலானில் அவள் அம்மாவிடம் போனில், "மாமிக்குக் காலுதான் ஓய்ஞ்சிருக்கு, வாய் ஓயல" என்று சொன்னதும் இதே வாய்தான்.

9 அக்டோபர்

குழுவைக் கூட்டிப்போகிற பக்கீர் முகமது வந்தார். உடம்பில் சர்க்கரை, பிரஷர் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார்.

"இரும்பு எதுவும் வச்சிருக்காங்களாம்மா?"

வலது தொடையில் ஒரு சாண் பிளேட்டு, ஆறு ஸ்க்ரூ என்றேன்.

"ஏர்போர்ட்டுல மெஷின் கத்தும். பயப்படாதீங்க. தனியாக் கூட்டிப்போயி தடவிப் பாப்பாங்க. ஆஸ்பத்திரி சீட்டும் எக்ஸ்ரே படமும் கையில இருந்தா சட்டுனு விட்டுருவாங்க."

"இல்லாட்டி?"

"அப்பவும் விடுவாங்க. நேரமாகும். நேரமானா பிளேன் நிக்காதுல்ல."

சீட்டு இல்லை என்றேன். மின்ஹாஜ் தரையைப் பார்த்தான். எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும்.

10 அக்டோபர்

மைமூனிடம் கேட்க மாட்டேன்.

17 அக்டோபர்

எழுதி வைக்கிறேன். நான் போன பிறகு யாரும் மாற்றிச் சொல்லிவிடக் கூடாது.

மைமூன் என் தங்கை. கூடப் பிறந்தது அவள் ஒருத்திதான். வீடு முனிச்சாலையில், மாடியில். 2019 பக்ரீத் அன்று மதியம் அவள் வீட்டிலிருந்து கிளம்பி இறங்கினேன். படியில் சோப்புத் தண்ணியை ஊற்றிவிட்டுக் கீழே வாளியோடு நின்றாள். ஏழாவது படியில் வழுக்கியது. தொடை எலும்பு இரண்டாகப் போனது. நாலாவது நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். சொந்தக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள். "அக்கா, நான் வந்து அன்னைக்கு—" என்று ஆரம்பித்தாள். நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். அழுதாள். அழத் தெரியும் அவளுக்கு, சின்னதிலிருந்தே.

வீட்டுக்கு வந்த அன்று அவள் மகளும் கூட வந்ததில் ஆட்டோவில் பைகள் மாறி, ஆஸ்பத்திரி ஃபைல் அவள் வீட்டுக்குப் போய்விட்டது. அந்த ஆஸ்பத்திரியையும் பிறகு மூடிவிட்டார்கள்.

அதே வருடம் டிசம்பரில் சூரிய கிரகணம். மைமூனின் பேரப்பிள்ளைகள் மொட்டை மாடியில் நின்று என் எக்ஸ்ரே படத்தைக் கண்ணில் வைத்துப் பார்த்தார்களாம். என் தொடை எலும்பு வழியாகச் சூரியனை. அவள் கீழ்வீட்டில் குடியிருந்த செல்லத்தாய் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "நல்லாத் தெரிஞ்சுச்சாம்க்கா" என்றாள் அவள்.

ஆறு வருடம். இரண்டு கல்யாணத்தில், ஒரு மையத்து எடுத்த வீட்டில் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தோம். பேச்சில்லை.

24 அக்டோபர், வெள்ளி

உம்ரா போகிறவர்களுக்குப் பள்ளிவாசல் பக்கத்து மதரசாவில் வகுப்பு. பாடம் நடத்துகிற அஜரத்து திரைக்கு அந்தப் பக்கமிருந்து பேசினார். கிளம்புமுன் மனக்கசப்பு உள்ளவர்கள் வீட்டுக்கெல்லாம் போய் மாப்பு கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்றார். நம் ஆட்களில் எல்லாரும் செய்கிறதுதான். என் மாமியார் படுத்த படுக்கையில் என்னிடம் கேட்டார். நான் உடனே பொறுத்துவிடவில்லை, ஒரு நாள் எடுத்துக்கொண்டேன்.

"மனுசருக்குச் செஞ்சத மனுசர்தான் பொறுக்கணும். அங்க போயி அழுது பிரயோசனமில்ல" என்றார் அஜரத்து.

நான் திரைக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன்: "தப்பு அவங்க பக்கம்னா?"

"அது ஒங்களுக்கு நல்லாத் தெரியுமாம்மா?"

தெரியும் என்றேன். எனக்குத் தெரியாதா? என் நிக்காஹ் பந்தியில் யார் தட்டில் எலும்பு மட்டும் விழுந்தது என்பதுகூட இன்றைக்கும் தெரியும்.

31 அக்டோபர்

இரண்டு நாளில் பதினொரு வீடு. இஷ்ரத்துதான் கூட வந்தாள். படி இறங்கி, ஆட்டோ ஏறி, இறங்கி, ஏறி — ராத்திரி கால் விறகுக்கட்டை.

வாடிப்பட்டியில் பெரியப்பா மகள் கதீஜாவிடம் மாப்பு கேட்டேன்.

"எதுக்குக்கா?"

"தொண்ணூத்தி நாலுல ஒன் கறிக்கொழம்பப் பாத்து, கை கழுவுன தண்ணின்னு சொன்னேன்."

"எனக்கு ஞாபகமே இல்லையே."

"எனக்கு இருக்கு."

அவள் முகம் சுருங்கிவிட்டது. ஒன்றுமில்லாத இடத்தில் நானே ஒன்றைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன் போலிருக்கிறது. இருந்தாலும் பொறுத்தேன் என்று சொன்னாள்.

திரும்பும்போது இஷ்ரத், "மாமி, முனிச்சாலை வழியாத்தான் போறோம். நிப்பாட்டச் சொல்லவா?" என்றாள்.

"சிக்னல் போட்டா நிப்பாட்டட்டும்" என்றேன்.

மாப்பு கேட்க வேண்டியது மைமூன். நான் எதற்கு?

4 நவம்பர்

மின்ஹாஜ் ஒரு மஞ்சள் பையோடு வந்தான். உள்ளே ஆஸ்பத்திரி ஃபைல். எக்ஸ்ரே படம் உறையில் மடங்காமல். எல்லாத் தாளும் தேதிப்படி அடுக்கியிருந்தது. இவன் என்னிடம் கேட்காமல் போயிருக்கிறான்.

"சின்னம்மா என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. பத்திரமாக் கூட்டிட்டுப் போன்னாங்க."

அவள் கொடுத்த தாளைக் காட்டித்தான் நான் மக்கா போக வேண்டுமா? அவளால் ஒடிந்த காலை, அவள் தயவில் உள்ளே விட வேண்டுமா? பெரிய பெட்டியில் அடித்துணிக்கும் கீழே வைத்துப் பூட்டிவிட்டேன்.

இஷ்ரத் வந்து, "ஃபைல வச்சிட்டீங்களா மாமி?" என்றாள். வைத்தாயிற்று என்றேன். எந்தப் பெட்டி என்று அவள் கேட்கவில்லை.

8 நவம்பர். கொழும்பு விமான நிலையம்

அடுத்த விமானத்துக்கு நாலு மணி நேரம் இருக்கிறது. எழுதாமல் இருக்க முடியவில்லை.

காலையில் மதுரையில் பெரிய பெட்டி பெல்ட்டில் ஏறி நகர்ந்த பிறகுதான் மின்ஹாஜ், "ஃபைல எடுங்கம்மா, கையில வச்சுக்குவோம்" என்றான். பெட்டி ரப்பர் தட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனது. நான் அதைப் பார்த்தேன். அவனும் அதைப் பார்த்தான். அவன் அத்தாவைப் போலவே கோபத்தில் மூக்கு நுனி மட்டும் சிவந்தது.

ஆண்கள் வரிசை வேறு, பெண்கள் வரிசை வேறு. கதவில்லாத ஒரு நிலை. நுழைந்தேன், கத்தியது. துணித் திரைக்குள் கூட்டிப்போய் ஒரு பலகை மேல் ஏற்றினார்கள். இரண்டு பேர் நின்றால் மூச்சு முட்டுகிற இடம். காக்கி உடுப்புப் பெண் ஒருத்தி கையை விரிக்கச் சொல்லி இந்தியில் பேசினாள். புர்கா போட்டிருந்தால் அந்தப் பேச்சு வரும் என்று நினைப்பு. எனக்குக் குர்ஆன் ஓத வரும். இந்தியும் வராது, உருதும் வராது, எங்கள் வீட்டில் யாருக்கும் வராது. கையிலிருந்த கருவி தொடைப் பக்கம் போனதும் கீச் கீச். என்ன என்று தலையை ஆட்டிக் கேட்டாள்.

"பிளேட்டு" என்றேன்.

"பிளேடு?"

"ஆமா, பிளேட்டு. உள்ள இருக்கு." தொடையைத் தட்டித் தட்டிக் காட்டினேன்.

அவள் முகம் மாறிவிட்டது. திரையை விலக்கி யாரையோ கூப்பிட்டாள். நான் கையை இறக்கப் போனேன். இறக்காதே என்று சைகை. சைகைக்கு மொழி வேண்டாமே. நின்றேன். கொடியில் போட்ட துணி மாதிரி இரண்டு கையும் விரித்தபடி. திரைக்கு வெளியே மின்ஹாஜ் சத்தம்: "அம்மா, என்னம்மா ஆச்சு?" யாரோ அவனை, "லேடீஸ் சார், தள்ளிப் போங்க" என்று விரட்டினார்கள். கொழும்பு போகிறவர்களைக் கூப்பிட்டார்கள். ஒரு தடவை. இன்னொரு தடவை. மூன்றாவது தடவையும் நின்றுபோகப் போகிறது. இந்தத் தடவை நிறுத்தியவள் நானே. பெட்டியைப் பூட்டிய சாவி என் கழுத்தில் கிடந்தது.

பிறகு இன்னொரு பெண் வந்தாள். நெஞ்சில் பவதாரிணி என்று பெயர். பேச்சிலேயே மேலூர்ப் பக்கம் என்று தெரிந்தது.

"என்ன அப்பத்தா, தொடையில பிளேடு கட்டியிருக்கீங்களாம்ல?"

"பிளேடா? அடிப் பாவி மகளே, எலும்பு ஒடஞ்சதுக்கு டாக்டர் வச்ச பிளேட்டுடி."

அவள் சிரித்தாள். மற்றவளிடம் இந்தியில் சொன்னாள். அவளும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"சீட்டு இருக்கா?"

"பெரிய பெட்டியில போயிருச்சு."

"அப்பத் தழும்பக் காட்டணுமே அப்பத்தா. நாங்க ரெண்டு பேருந்தான் இருக்கோம், கூச்சப்படாதீங்க."

காட்டினேன். ஆஸ்பத்திரியை விட்டு வந்த பிறகு இஷ்ரத்துக்குக்கூடக் காட்டியதில்லை. பவதாரிணி குனிந்து பார்த்து உச்சுக்கொட்டினாள்.

"ஆத்தாடி, எம்புட்டு நீளம். எப்படி விழுந்தீங்க?"

"தங்கச்சி படியில சோப்புத் தண்ணி ஊத்திட்டா."

"சொல்லாமயா ஊத்துச்சு?"

ஆறு வருடத்தில் இந்தக் கதையை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். ஒருத்தர் இதைக் கேட்டதில்லை. அந்தப் பிள்ளை பதிலுக்கு நிற்கவில்லை. "போங்க அப்பத்தா, எனக்கும் சேத்து வேண்டிக்கங்க" என்று திரையை விலக்கிவிட்டது. நான்தான் பலகையை விட்டு இறங்காமல் நின்றேன்.

சொன்னாள்.

"அக்கா நில்லு, ஈரமா இருக்கு" என்று சொன்னாள். வாளியைக் கீழே வைத்துவிட்டு ஒரு கையைத் தூக்கிக்கொண்டு சொன்னாள். எனக்குக் கேட்டது. பக்ரீத் குர்பானி இறைச்சியில் தொடைக்கறியை அவள் சம்பந்தி வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டாள் என்று ஆத்திரத்தில் இறங்கிக்கொண்டிருந்தேன். இவ சொல்லி நான் நிக்கிறதா? வேகமா இறங்கினேன். எல்லாந்தான் ஞாபகம் இருக்கு எனக்கு, இதுவும் இருந்துச்சு. அன்னைக்கு ஆஸ்பத்திரியில அவ வாயைத் திறந்தப்ப நான் சுவரப் பாத்துப் படுத்தது, அவ இதைச் சொல்லிரக் கூடாதுன்னுதானே? அக்கா காலை ஒடித்தவள் என்று அத்தனை பேரும் அவளைச் சொன்னார்கள். அவள் புருசன் சபையிலேயே சொன்னார். நான் கேட்டுக்கொண்டு இருந்தேன்.

மின்ஹாஜிடம் போனை வாங்கினேன். நம்பர் மனப்பாடம். ஆறு வருடம் கூப்பிடாத நம்பர்.

"யாரு?"

"நாந்தேன்."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது.

"என்ன, ஏறலயா இன்னும்?"

"நீ அன்னைக்கு நில்லுன்னு சொன்ன. எனக்குக் கேட்டுச்சு மைமூன். மாப்பு செய்."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"ஊரக் கூட்டி வச்சுப் பழி போட்ட. இப்ப போன்ல ரகசியமா மாப்புக் கேக்குறியா? நா பொறுக்க மாட்டேன். போயிட்டு வா. வந்து என் வீட்டுல, என் ஆளுக முன்னாடி கேளு."

வைத்துவிட்டாள். மின்ஹாஜ் கையைப் பிடித்து இழுத்தான். கடைசியாக ஏறியது நாங்கள்தான். நாற்காலியில் பட்டையைப் போட்டு இறுக்கினார்கள். இறங்கி முனிச்சாலைக்கு ஓட முடியாது. மாப்பு வாங்காமலே மேலே போனேன்.

14 நவம்பர். மக்கா

கஃபாவைச் சுற்றும் தவாப் முடிந்தது, தள்ளுவண்டியில். எல்லார் பெயரையும் சொல்லிக் கேட்டேன். எனக்கென்று கேட்க வாய் வரவில்லை.

27 நவம்பர்

மதுரைக்கு வந்து இரண்டு நாள். இன்று முனிச்சாலை. படி ஏறினேன், இஷ்ரத் பின்னால் பிடித்துக்கொண்டு.

மைமூன் கூடத்தில் மகள், மருமகன், சம்பந்தியம்மா எல்லாரையும் உட்கார்த்தி வைத்திருந்தாள். அவர்களை வரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறாள். நின்றுகொண்டே சொன்னேன். அவள் நில்லு என்று சொன்னதை, எனக்குக் கேட்டதை, தொடைக்கறியை, சுவரைப் பார்த்துப் படுத்ததை. சம்பந்தியம்மா தலையைக் குனிந்துகொண்டார். முடித்துவிட்டு, "மாப்பு செய்" என்றேன்.

மைமூன் எழுந்து அடுப்படிக்குப் போனாள். தட்டு வைத்தாள். சோறு போட்டு, கறி ஊற்றி, எதிரில் உட்கார்ந்தாள்.

"பொறுத்துட்டியா?"

"இன்னும் இல்ல. எனக்கு ஆறு வருசம் ஆச்சு. ஒனக்கு ஆறு நிமிசத்துல வேணுமா? சாப்டு."

சாப்பிட்டேன். உப்பு கூடுதல். நாக்கு எரிகிற உப்பு.

"உப்பு கூடிப்போச்சா?" என்றாள்.

"இல்லையே" என்றேன். இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டேன்.