தாடை வலிக்காத நோயாளி

மார்ச் 4

அன்புள்ள அக்கா,

நலம்தானே? மாமாவும் போனை எடுப்பதில்லை, நீயும் எடுப்பதில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

சிகிச்சை முடிய இன்னும் இரண்டு தடவைதான் பாக்கி. அதற்குள் சொல்லாமல் கொள்ளாமல் என் வார்டை விட்டுப் போய் வேறு ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டாய். "டாக்டர், டீச்சரம்மா பையைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க" என்று நர்ஸ் வந்து சொன்னபோது எனக்கு எப்படி இருந்திருக்கும்? மனச்சோர்வுக்கு மின் அதிர்ச்சி எவ்வளவு கேட்கிறது என்று வருடக்கணக்காக ஆராய்கிறவன் நான். என் அக்காவே பாதியில் ஓடலாமா? கோபம் இருந்தால் திட்டி எழுது. சாப்பிடுகிறாயா?

உன் தம்பி

மார்ச் 11

தம்பிக்கு,

சாப்பிடுகிறேன். இங்கே வந்த பிறகுதான்.

திட்டுவதற்கு முன் ஒன்று கேட்க வேண்டும். உன் வார்டில் என் பக்கத்துக் கட்டிலில் ஒரு தையல்காரம்மா இருந்தார். எங்கள் இருவருக்கும் ஒரே நாளில்தான் மயக்க ஊசி. அவர் கண் விழித்ததும் "இது யாரு வீடு?" என்பார். தாடையைப் பிடித்துக்கொண்டு ரொட்டியைப் பாலில் ஊறவைத்துத் தின்பார். எனக்கோ விழித்த உடனே மின்விசிறியில் ஒட்டியிருக்கும் தூசிகூடத் தெளிவாகத் தெரியும். "என்னங்க டீச்சர், உங்களுக்கு மட்டும் தாடையை இரும்புல அடிச்சு மாட்டியிருக்காங்களா?" என்று கேலி செய்வார். மூன்றாவது வாரம் அவர் தலைவாரிக்கொண்டு நர்ஸுக்குச் சட்டை அளவு எடுத்தார். நான் படுத்த படுக்கையாகக் கிடந்தேன்.

இங்கே முதல் தடவை விழித்தபோது என் தாடை வலித்தது. கரண்ட் பாயும்போது தாடை இறுகுவதால் பலருக்கும் அப்படித்தான் வலிக்குமாம், இங்குள்ள நர்ஸ் சொன்னார்.

உன் வார்டில் எனக்குக் கரண்ட் கொடுத்தீர்களா, இல்லையா?

அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்கா,

கொடுக்கவில்லை. பாதிப் பேருக்கு மயக்கமும் மின்சாரமும், மீதிப் பேருக்கு மயக்கம் மட்டும். ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும். சேரும்போதே இதைச் சொன்னோம், நீயும் சம்மதித்தாய். யாருக்கு எது என்பது குலுக்கல். அது ஒட்டிய உறைக்குள் இருக்கும், எனக்கும் தெரியாது.

நீ தண்ணீரைக்கூடத் துப்பிய அன்று பயந்துபோய் உன் உறையைப் பிரித்துப் பார்த்தேன். பிரித்துவிட்டால் அந்த நோயாளியை உடனே ஆய்விலிருந்து எடுத்து, உண்மையான சிகிச்சை தர வேண்டும். அது நானே எழுதிய விதி. ஆனால் உன்னை எடுத்தால் ஆய்வைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழு காரணம் கேட்கும். சொந்த அக்காவைச் சேர்த்தது வெளியே வரும். அப்படிச் சேர்க்கவே கூடாது. உன் பெயரோடு அப்பா பெயர் இல்லாமல் மாமா பெயர் இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. கொஞ்ச நாள்தானே, ஆய்வு முடிந்ததும் உண்மையான சிகிச்சை முதல் ஆளாக உனக்குத்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஞாயிறு வருகிறேன். அதுவரை நெறிமுறைக் குழுவுக்கு எதுவும் எழுதாதே. ஆய்வே நின்றுவிடும்.

உன் தம்பி

மார்ச் 20

தம்பி,

வராதே.

குலுக்கலில் எனக்கு மயக்கம் மட்டும் விழுந்ததில் வருத்தமில்லை. சோதித்துப் பார்க்காமல் எதையும் நம்பாதீர்கள் என்று வகுப்பில் நானும்தான் சொல்கிறேன். அதற்குப் பிறகு நீ செய்ததுதான் குமட்டுகிறது. உறையைப் பிரித்த பின்னும் கட்டிலருகே வந்தாய். என் நெற்றிப் பொட்டில் களிம்பு தடவினாய். "இன்னைக்குக் கரண்ட் நல்லா வேலை செய்யும், பாருக்கா" என்றாய். வெளியே பெஞ்சில் இருந்த மாமாவிடம், "அக்கா உடம்புக்குக் கொஞ்சம் லேட்டாத்தான் பிடிக்கும்" என்றாய். அந்த மனுஷன் அதை நம்பி எனக்குத் தைரியம் சொன்னார். உன் விரல் பட்ட இடத்தைச் சோப்புப் போட்டுத் தேய்க்கிறேன். தோல்தான் உரிகிறது.

"தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும்பாங்க, விட்டுத்தள்ளு" என்கிறார் மாமா. எனக்கு ஆடவில்லை.

இங்கே சிகிச்சை நன்றாகக் கேட்கிறது. போன வாரத்தில் சில நாட்கள் ஞாபகத்தில் இல்லை, ஆனால் பசிக்கிறது. இதையும் குழுவிடம் சொல்வேன். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். என்னோடு மயக்கம் மட்டும் வாங்கியவர்கள் இன்னும் உன் வார்டில் கிடக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேருடைய உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப ஒட்டி வைத்திருக்கிறாய் என்று உன்னிடம் கேட்கச் சொல்லிக் குழுவுக்கு எழுதிவிட்டேன்.

நீ என்ன பதில் சொல்வாய் என்று எனக்குத் தெரியவில்லை. கூடப் பிறந்தவனைப் பற்றி இப்படி எழுத வேண்டியிருக்கிறது.

அக்கா