நிரந்தரமாக மூடப்பட்டது

செப்டம்பர் 4, வியாழன்

காலையிலிருந்து புழுக்கம். மழை வருவது போல் காட்டிவிட்டு ஏமாற்றிவிட்டது. கடையை மறுபடி திறந்து பதினோராம் நாள். வந்த மோட்டார்: பூஜ்யம்.

சம்பாவுக்கு நாற்றங்கால் விடுகிற நேரம் இது. போன வருஷம் இதே வாரம் கடைக்குள் கால் வைக்க இடமில்லை. லோ வோல்டேஜில் ஓட்டிக் கருக்கிய போர் மோட்டார்கள் வாசல் வரை கிடந்தன. இந்த வருஷம் மட்டும் கரண்ட் யோக்கியமாகிவிட்டதா என்ன? எங்கேதான் போகிறார்கள் எல்லாரும்?

மூன்று மணிக்குத் தெரிந்தது. கூத்தாநல்லூர் ஜமால் பாய் வந்தார். எட்டு வருஷ வாடிக்கை. கையில் ஆப்பிள் பை, மோட்டார் இல்லை.

"துக்கம் விசாரிக்கத்தாம்மா வந்தேன். மவன்கிட்ட வெளிநாட்டுல இருந்தேன், சேவியர் தவறுனதே லேட்டாத்தான் தெரியும். என்னம்மா, கடை தொறந்திருக்கு!"

"பத்து நாளா தொறந்துதான் இருக்கு பாய்."

"மேப்புல மூடியாச்சுன்னு போட்டிருக்கேம்மா. அதப் பாத்துட்டுத்தான் மோட்டார மன்னார்குடியில குடுத்தேன்."

போனை நீட்டினார். சேவியர் மோட்டார் ஒர்க்ஸ், நீடாமங்கலம். கீழே சிவப்பில்: நிரந்தரமாக மூடப்பட்டது. மேலே படம், எங்கள் ஷட்டர். அதில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டர். போஸ்டரில் அவர் சிரிக்கிறார். ரோட்டில் போன எந்தப் புண்ணியவானோ எடுத்துப் போட்டிருக்கிறான். அவர் முகமும் அந்தச் சிவப்பு எழுத்தும் ஒரே சதுரத்துக்குள்.

போனது என் வீட்டுக்காரர். கடை போகவில்லை. போய்விட்டது என்று எழுத எவனுக்கு அதிகாரம்?

ஆப்பிள் ஆறு. சாப்பிடப் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

வெயில். வராண்டா கழுவினேன். அரிசி ஊறப்போட மறதி.

லூர்து வந்தார், என் கொழுந்தனார். உட்காரக்கூட இல்லை, நின்றுகொண்டே பேச்சு.

"செல்போன் கடை வைக்க ஒரு ஆளு ரூம் கேக்குறாரு அண்ணி. அண்ணனே இல்ல, யாரு வந்து மோட்டார் குடுப்பா? மேப்பே மூடியாச்சுன்னு சொல்லுது பாருங்க."

மேப் சொன்னால் வேதவாக்கு. நான் சொன்னால் வாய்த்துடுக்கு.

"மாசக் கடைசி வரைக்கும் பாப்போம் அண்ணி. வேலை வரலேன்னா அவருகிட்ட சாவியக் குடுத்துடலாம்."

"பாப்போம்" என்றால் யார் பார்ப்பது? சாவி என் இடுப்பில் இருக்கிறது.

பன்னிரண்டு வருஷம். என் வீட்டுக்காரர் மோட்டாரைப் பிரிப்பார், பேரிங் மாற்றுவார், வாசலில் நின்று பேசுவார். உள்ளறையில் கம்பியைச் சுற்று எண்ணிக் காயில் கட்டியது நான். வார்னிஷ் என் நகத்தில். செம்புக் கம்பி அறுத்த கோடு என் ஆள்காட்டி விரலில். வாங்கிப் போகிறவர்கள் "சேவியர் கை பட்டா அஞ்சு வருஷம் ஓடும்" என்று போனார்கள். நான் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டு அடுத்த காயிலை எடுப்பேன். அப்போது கோபம் வரவில்லை. இப்போது சேர்த்து வைத்து வருகிறது.

செப்டம்பர் 6, சனி

தஞ்சாவூரிலிருந்து டிஜிட்டல்காரர் வந்தார் (இனி டி.கா.). பேனரில் நம்பர் பார்த்து நான்தான் கூப்பிட்டேன், என் புத்தியைச் சொல்ல வேண்டும். இஸ்திரி கலையாத சட்டை. வார்த்தைக்கு வார்த்தை மேடம்.

"எஸ்.இ.ஓ. பண்ணிட்டா, யார் தேடினாலும் ஃபர்ஸ்ட் பேஜ்ல நீங்கதான் மேடம். தஞ்சாவூர் டெல்டாவோட நம்பர் ஒன்!"

"நெல்லு விக்கிறவன் எல்லாம் நம்பர் ஒன்னுதாங்க. மூடியாச்சுன்னு இருக்கே, அத எடுப்பீங்களா?"

"அது கடைசியா மேடம். முதல்ல வெப்சைட்."

ஒரு மணி நேரத்தில் வெப்சைட் ரெடி. முழுக்க இங்கிலீஷ். படத்தில் ஹெல்மெட் போட்ட வெள்ளைக்காரர்கள் நான்கு பேர் கட்டை விரலைத் தூக்கிச் சிரிக்கிறார்கள். நீடாமங்கலத்தில் இவர்களை யார் பார்த்தது? எங்கள் ஆட்கள் என்ன தேடுவார்கள் என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"மோட்டார்" என்று தனியாக ஒரு விளம்பரமும் போட்டார். அவர் பஸ் ஏறிய பிறகு வந்த போன்கள்:

- பல்சர் சர்வீஸ் எவ்வளவு?
- பழைய கார் எடுப்பீங்களா?
- டிரைவிங் ஸ்கூலா?
- பல்சர்காரர் மறுபடியும். "ஏன் கட் பண்ணீங்க?"

விளம்பரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டேன். கிளம்பும்போது டி.கா. சொன்னது ஒன்றுதான் உருப்படி. மேப் கணக்கு என் வீட்டுக்காரர் மெயிலில் இருக்கிறது, அவர் போனைத் திறந்தால்தான் மூடியதைத் திறக்க முடியும்.

"அந்த போன் எங்க மேடம்?"

தெரியாது என்றேன். பீரோவில் இருக்கிறது. வாட்ச், ஜெபமாலை, போன், மூன்றும் ஒரே கைக்குட்டையில். அவர் தவறிய ஜூலை 21க்குப் பிறகு அந்த முடிச்சை நான் அவிழ்க்கவில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

பூசைக்குப் போனேன். சாமியார் பிரசங்கம் பொறுமையைப் பற்றி. என்னைப் பார்த்தே சொன்ன மாதிரி இருந்தது.

ஜமால் பாய் நமக்கு ஆதரவாக மேப்பில் எழுதியிருக்கிறார் என்று ஆசையாகத் திறந்தேன். "முதல் தரமான வேலை. பன்னிரண்டு வருஷ நம்பிக்கை." நட்சத்திரம் ஒன்று. அஞ்சுக்கு ஒன்று!

போன் போட்டேன். "பாய், ஒரு ஸ்டார்தான் போட்டிருக்கீங்க?"

"ஆமாம்மா, ஃபர்ஸ்ட் ரேங்க்! அஞ்சாவது ரேங்க் எல்லாம் உனக்குப் போடுவேனா? எங்க தெருவுல எல்லாரையும் ஒண்ணே போடச் சொல்லியிருக்கேன்."

பார்த்தேன். ஏழு பேர். ஏழு பேரும் புகழ்ந்து தள்ளி ஒரு நட்சத்திரம். இவர்களிடம் எந்த வாயால் கோபப்படுவது? பொறுமையாக விளக்கினேன். "அப்ப கடைசி ரேங்க்குதான் ஒசத்தியா? இது என்ன கூத்தும்மா?" என்று அவர்தான் கோபப்பட்டார். நியாயம்தான்.

பன்னிரண்டு என்று எழுதியிருக்கிறார், எட்டுதான். பரவாயில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

மாதா பிறந்தநாள். வேளாங்கண்ணிக்கு நடந்து போனவர்கள் போட்ட தண்ணீர் பாக்கெட் இன்னும் ரோடெல்லாம்.

மூடியாச்சு என்று போட்டது யார்? ராத்திரி முழுக்க யோசித்ததில் ஒரே பெயர். சுந்தர். பஸ் ஸ்டாண்ட் பக்கம் புதிதாக மோட்டார் கடை போட்டவர். என் கடை மூடினால் யாருக்கு லாபம்? கிளம்பிவிட்டேன். ரயில்வே கேட் மூடியிருந்தது, அது எப்போது திறந்திருந்தது? கேட்டில் நின்ற இருபது நிமிஷமும் வசனம் தயார் செய்தேன். "மானம் ரோஷம் உள்ளவனா இருந்தா" என்று ஆரம்பம்.

ஆரம்பித்தேன், முழுக்கச் சொல்லியும் விட்டேன். கடையில் நாலு பேர் பார்க்க.

சுந்தர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். முகம் வாடிவிட்டது.

"அண்ணன் தவறுனப்ப நானும் மூணு நாள் ஷட்டர எறக்கிட்டேன் அக்கா. இந்த ஊர்ல மோட்டார் கடைக்காரங்க அத்தன பேரும். அப்படிப்பட்டவன் இதச் செய்வேனா?"

எனக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"எனக்குக் காயில் வைண்டிங் வராது. வெளியில குடுத்துத்தான் வாங்குறேன். அண்ணன் எங்கிட்ட சொல்லியிருக்காரு, 'காயில் கட்டுறது எங்க வீட்லதான், என் கைக்கு அது வராது'ன்னு. உங்ககிட்ட குடுக்கலாமான்னு கேக்க நெனச்சேன். துக்க வீட்டுல எப்படிக் கேக்குறதுன்னு விட்டுட்டேன்."

இரண்டு மோட்டார் ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார். மன்னிப்புக் கேட்டேனா என்று ஞாபகம் இல்லை. கேட்டிருக்க வேண்டும். நாளை கேட்க வேண்டும்.

அப்படியானால் யார்?

அதை விட இது: மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறார். என்னிடம் ஒரு நாள் சொன்னதில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

தூறல். சுந்தர் மோட்டார் ஒன்று முடிந்தது. வார்னிஷ் காய்கிறது.

பிரின்சி திருச்சி ஹாஸ்டலிலிருந்து போன். மகள் டி.கா.வை விடக் கெட்டிக்காரி. ஊர்க்காரர்கள் என்ன தட்டித் தேடுகிறார்கள் என்று பார்க்க ஓசியிலேயே ஒரு பக்கம் இருக்கிறதாம், காட்டிக்கொடுத்தாள். நம் ஊர்ப்பக்கம் தேடியவை, அப்படியே:

- மோட்டார் காயில் போச்சு
- போர் மோட்டார் ரிப்பேர் பக்கத்தில்
- மோட்டார் ஓடுது தண்ணி வரல
- காயில் கட்டும் கடை நீடாமங்கலம்

இவ்வளவுதான். என்னிடம் கேட்டிருந்தால் தேடாமலே எழுதிக்கொடுத்திருப்பேன். ஹெல்மெட் வெள்ளைக்காரர்களை யாரும் தேடவில்லை.

"மேப்புல கடைக்குப் புதுசா இன்னொரு கணக்கு போட்டா ரெண்டையும் தூக்கிடுவான்மா. பழசைத்தான் திறக்கணும். அப்பா போன எடும்மா."

"எடுக்குறேன்" என்றேன்.

"இப்ப எடும்மா."

"எடுக்குறேன்னு சொல்றேன்ல!" கத்திவிட்டேன். பிள்ளை அழுதிருக்கும்.

செப்டம்பர் 10, புதன்

முடிச்சை அவிழ்த்தேன். ஜெபமாலையில் இன்னும் அவர் அம்மா வீட்டு அலமாரி வாசனை. சார்ஜ் ஏற அரை மணி. பிரின்சி பிறந்த தேதி போட்டேன், திறந்தது.

மெயில். நூற்றுக்கணக்கில் குப்பை. கீழே தள்ளிக்கொண்டே போனேன்.

ஜூலை 18, சாயங்காலம் 4.10. "உங்கள் வணிகம் நிரந்தரமாக மூடப்பட்டதாக நீங்கள் குறித்துள்ளீர்கள்."

நீங்கள்.

சுந்தர் இல்லை. லூர்து இல்லை. ரோட்டில் போனவன் இல்லை. அவர்.

ஜூலை 18 எனக்குத் தெரியும். தஞ்சாவூர் ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி. கஞ்சி வாங்கக் கீழே போனேன். திரும்பி வந்தபோது போனைத் தலையணைக்கடியில் வைத்தார். "சும்மா பாத்தேன்" என்றார். அப்புறம், கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்த என் விரலைப் பிடித்து அந்தக் கோட்டைத் தடவினார். "கையப் பாரு, எப்படி ஆயிடுச்சு. போதும் ரீத்தா." கால் பிடித்துவிட்டது போதும் என்கிறார் என்று நினைத்துக் கையை எடுத்துக்கொண்டேன்.

தற்காலிகமாக மூடப்பட்டது என்று ஒரு பட்டன் இருக்கிறது. நிரந்தரமாக என்று ஒன்று. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். பார்த்துத்தான் அழுத்தியிருக்கிறீர்கள்.

என்னைக் கேட்டிருக்கலாம். மூன்று நாள் இருந்தது. ஊருக்கெல்லாம் சொல்லத் தெரிந்தது, என் வீட்டில்தான் கட்டுகிறாள் என்று. அப்புறம் எப்படி நீங்கள் போனால் கடையும் போச்சு? பாசம்தான், தெரியும். தெரிந்தும் ஆறவில்லை. என் கைக்கு எது போதும் என்று என் கையைக் கேட்க வேண்டாமா?

கத்தினேன். வீட்டில் யாரும் இல்லை. நன்றாகக் கத்தினேன்.

செப்டம்பர் 11, வியாழன்

நல்ல மழை, விடியற்காலையில். காவேரித் தண்ணீரும் வாய்க்காலில் தளும்புகிறது என்கிறார்கள்.

6.40: பட்டனை மாற்றினேன். திறந்துள்ளது.

கடையின் பெயர் அப்படியே. நடத்துபவர்: ரீத்தா. படம்: என் கை, காயிலோடு, கோடு தெரிகிற மாதிரி. விவரத்தில் நாலு வரி, ஊர் தேடுகிற அதே சொற்கள். லூர்துக்கு ஒரு மெசேஜ்: சாவி தர மாட்டேன். சுந்தரிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று, டீ கொடுத்தார்.

ஷட்டர் போஸ்டர் மழையில் ஊறி இருந்தது. மெதுவாக உரித்தேன். முகம் மட்டும் முழுசாக வந்தது. உள்ளறையில், நான் உட்கார்ந்த ஸ்டூலுக்கு மேலே ஒட்டினேன். அவர் அங்கே இருக்கட்டும். மேசையை வாசலுக்கு இழுத்துப் போட்டு நான் உட்கார்ந்தேன்.

9.15க்கு போன். வலங்கைமானிலிருந்து யாரோ.

"மேப்புல பாத்தோம். சேவியர் இருக்காருங்களா?"

"அவரு இல்லீங்க. காயில் கட்டுறது நான்தான். மோட்டார் எத்தன எச்.பி., சொல்லுங்க."