ஸ்டெல்லா ஆன்ட்டியின் சந்தனச் செடி

ஆகஸ்ட் 14, வியாழன்

கண்ணை மூடினால் அந்தக் குட்டி இலைகள்தான் வருகின்றன.

மாலையில் கீழ்வீட்டு ஸ்டெல்லா ஆன்ட்டி கூப்பிட்டார். எங்கள் ஆராய்ச்சி நர்சரியிலிருந்து போன வருஷம் நான் கொண்டுவந்து கொடுத்த சந்தனக் கன்றைக் காட்டத்தான். "எப்டி புதர் மாதிரி அடர்ந்து வந்திருக்கு பாத்தியாம்மா? எல்லாம் உன் கைராசி."

இலைகள் சிறுத்து, விறைத்து, ஊசி ஊசியாக நின்றன. ஸ்பைக் நோய். வந்தால் மரம் பிழைப்பதில்லை. "அழகா இருக்கு ஆன்ட்டி" என்றேன்.

அதே பாத்தியில் வளர்ந்த மற்ற கன்றுகளை லாரியில் ஏற்றி மலைக் காட்டுக்கு அனுப்பியிருக்கிறோம். நோய் நர்சரியிலேயே தொற்றியிருந்தால்? இல்லை, இங்கே வந்த பிறகுதான் ஏதோ பூச்சி கொண்டுவந்திருக்கும். அப்படியென்றால் நோயுள்ள சந்தன மரம் ஒன்று பக்கத்தில் எங்கேயாவது நிற்க வேண்டுமே.

தேடிக் கிளம்பினேன். சர்ச் காம்பவுண்டிலிருந்து ஜீவனஹள்ளி வரை ஒவ்வொரு மதிலாக எட்டிப் பார்த்தேன். நோயை ஒழிக்கச் சம்பளம் வாங்குகிறவள், நோய் பிடித்த மரம் ஒன்றையாவது கண்ணில் காட்டு என்று வேண்டிக்கொண்டே நடந்தேன். வேம்பு, புங்கை, முருங்கை. சந்தனம் ஒன்றுகூட இல்லை.

வீட்டுக்கு வந்து மலையில் இருக்கும் வனக்காவலர் மாதேஷுக்குப் போன் செய்தேன். கன்றுகள் எப்படி இருக்கின்றன என்று மட்டும்தான் கேட்டேன்.

"சூப்பரா இருக்கு மேடம்" என்றார், அத்தனை சந்தோஷமாக. "குட்டி குட்டியா இலை விட்டு, புதர் மாதிரி அடர்ந்து நிக்குது."