மாப்பிள்ளைக்கு மாற்றுக் கண்ணாடி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுகிறேன். உங்களுக்கும் என் மகளுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லையே? போனில் கேட்கலாம்தான். ஆனால் என் நம்பரைப் பார்த்தாலே மகள் எடுப்பதில்லை. அதனால் பேனாவைப் பிடித்தேன்.

இந்தக் கடிதத்தின் பின்னாலேயே லாரி பார்சலில் ஒரு மரப்பெட்டி வரும். உள்ளே உங்கள் புரொஜெக்டரின் லாம்ப் ஹவுஸில் பல்புக்குப் பின்னால் மாட்டுவதற்குச் சரியான ரிஃப்ளெக்டர் கண்ணாடி இருக்கிறது. போன மாதம் நான் அனுப்பியது தவறான கண்ணாடி. சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன்.

சாதா படத்துக்குத் திரை முழுக்க வெளிச்சம் நிற்கிறது, அகலத்திரை ஸ்கோப் படம் போட்டால் நடுவில் மட்டும் பளீரென்று எரிகிறது, நாலு மூலையும் இருட்டு என்று நீங்கள் அன்றே சொன்னீர்கள். நான் கேட்டேனா? உங்கள் தியேட்டர் முதலாளி போன் செய்தபோது, "கண்ணாடி தங்கம் சார், பையனுக்குத்தான் இன்னும் கை பழகல" என்று சொல்லிவிட்டேன். முப்பது வருடமாகப் பழைய சினிமா சாமான் விற்கிற வாய்; சரக்கைக் காப்பாற்றத்தான் முதலில் திறக்கிறது. அடுத்த ஸ்கோப் படமும் இப்படி ஓடினால் வேறு ஆபரேட்டரைப் பார்த்துக்கொள்வேன் என்று அவர் உங்களை மிரட்டியது மகள் சொல்லித்தான் தெரியும். அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது.

உங்கள் அத்தை சும்மா இருப்பாளா? "ஆபரேட்டர் மாப்பிள்ளைதான் வேணும்னு தேடிக் கொண்டுவந்தது யாரு? அவர் கையைக் குத்தம் சொல்றதுக்கு முன்னாடி உங்க கண்ணாடியை ஒரு தடவை மாட்டிப் பாத்தீங்களா?" என்றாள்.

மாட்டிப் பார்த்தேன். உங்களுக்கு அனுப்பியதன் ஜோடி குடோனில் இருந்தது. அதைப் பழைய மெஷின் ஒன்றில் மாட்டி, ஸ்கோப் கட்டத்தின் அளவுக்கு வெட்டிய பிளேட்டைச் செருகி, வெள்ளைச் சுவரில் வெளிச்சம் அடித்தேன். கண்ணாடியை முன்பின் நகர்த்தும் திருகை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பியும் மூலை இருட்டு விலகவில்லை. கழற்றி அளந்தபோதுதான் புரிந்தது. இரண்டு வகைக் கண்ணாடிக்கும் வாய் அகலம் ஒன்றேதான், ஆழம் வேறு. நான் வாயை மட்டும் டேப் வைத்து அளந்து பெட்டி கட்டியிருக்கிறேன். பாத்திரக்கடைக்காரன்கூட அந்தத் தப்பைச் செய்யமாட்டான்.

இப்போது வரும் கண்ணாடியையும் மாட்டி, அதே சுவரில் வெளிச்சம் அடித்துப் பார்த்துத்தான் அனுப்புகிறேன். ஃபிலிமில் ஸ்கோப் கட்டம் பெரிது, வெளிச்சம் விரிந்தாக வேண்டும். சாதா படத்துக்குத் திருகு நிற்கும் இடத்திலிருந்து மூன்றேகால் சுற்றுப் பின்னால் வந்ததும் மூலைகள் நிரம்பின. உங்கள் மெஷினில் கொஞ்சம் முன்பின் இருக்கும்; உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பல்பு ஆறாமல் மூடியைத் திறக்காதீர்கள், அதை மட்டும் மாமாவாகச் சொல்கிறேன்.

முதலாளிக்கும் தனியாக எழுதிவிட்டேன். பிழை என் குடோனில், ஆபரேட்டர் கையில் இல்லை, அவர் முதல் நாளே சரியாகச் சொன்னார் என்று கடை முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்தக் காகிதத்தை அவர் நாலு தியேட்டரில் காட்டினால் என் வியாபாரத்துக்கு நல்லதில்லை. காட்டட்டும்.

வெள்ளிக்கிழமை ஸ்கோப் படம் என்று கேள்விப்பட்டேன். வியாழக்கிழமையே பெட்டி வந்துவிடும். முதல் காட்சி முடிந்ததும் மூலைகள் எப்படி என்று எனக்குத் தெரிய வேண்டும். நீங்கள் போன் செய்ய வேண்டாம், மாப்பிள்ளை. நீங்கள் தாராள மனசுக்காரர், சரியில்லாவிட்டாலும் சரி என்பீர்கள். மகளைத் திரைக்கு எதிரே உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். திட்டுவதற்காகவாவது அவளே சொல்லட்டும். மதியத்திலிருந்து போன் பக்கத்திலேயே இருப்பேன்.

இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமா