மூன்று வடிகால் மூடிகளைக் குறுக்காகத் திருப்பிப் போட வேண்டி

அனுப்புநர்:
மூலை வீட்டின் உரிமையாளர்,
தொலைபேசி நிலைய மேற்பார்வையாளர் (ஓய்வு).

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: எங்கள் தெருவின் வடிகால் மூடிகள் மூன்றும் தவறான வாட்டத்தில் பதிக்கப்பட்டிருப்பது, அதனால் ஒன்பது வயதுச் சிறுமி சைக்கிளிலிருந்து விழுந்தது, வரும் ஞாயிறு விடிவதற்குள் சரிசெய்யக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் கணவரை இழந்தவள். என் வீட்டு மாடியில் என் தம்பி, தம்பி மனைவி, அவர்களுடைய ஒரே மகள் ஆகியோர் வசிக்கின்றனர். அளவில் சிறியவள், காரம் பெரியது என்பதால் குழந்தையை வீட்டில் மிளகு என்று அழைக்கிறோம். நான் கான்வென்ட்டில் படித்தவள். ஒரு விஷயத்துக்கு ஒரு மனுவே போதும் என்று நம்பி வளர்ந்தவள். இது நான்காவது மனு.

2. சென்ற மழைக்கு முன் தங்கள் பணியாளர்கள் எங்கள் தெருவின் வடிகாலைத் தூர் வாரினார்கள். அதற்கு நன்றி. ஆனால் சாலையோரத்து இரும்புக் கம்பி மூடிகளைத் திரும்பப் போடும்போது, முன்பு சாலைக்குக் குறுக்கே இருந்த கம்பிகள் சாலையின் போக்கிலேயே நீளமாக அமைந்துவிட்டன. நான் அப்போதே வாசலில் நின்று சொன்னேன். "சதுரம்தானேம்மா, எப்படிப் போட்டாலும் உக்காரும். தண்ணி போனா சரி" என்றார்கள். தண்ணீர் போகிறது. குழந்தையின் சைக்கிளின் முன்சக்கரமும் போனது.

3. அது சாலையில் ஓட்டும் மெல்லிய டயர் சைக்கிள். டயரின் அகலம் என் கட்டைவிரல் அளவுதான். கம்பிகளின் இடைவெளி அதைவிடப் பெரிது. குனிந்து நானே வைத்துப் பார்த்தேன்.

4. தம்பி குழந்தைக்குச் சைக்கிள் பழக்கிய விதத்தைத் தாங்கள் அறிய வேண்டும். இல்லையேல் நாங்கள் இழந்தது என்ன என்பது விளங்காது. அவன் ஒருநாளும் முன்னால் போனதில்லை. சாலைப் பக்கமாகச் சற்றுப் பின்னால் வருவான். வேகம் அவள் வைப்பது, வழி அவள் சொல்வது. எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டதில்லை. ரொட்டிக்கடையில் நிற்பார்கள், நாய்களுக்குப் பெயர் வைப்பார்கள், பாலத்து இறக்கத்தில் இருவரும் வெட்கமில்லாமல் கத்துவார்கள். நேரமாவது குறித்து வைக்கக் கூடாதா என்று நான் கேட்டேன். "அக்கா, இன்னும் வேணும்னு அவளுக்கு இருக்கும்போதே திரும்பிடணும். அவ்வளவுதான் பாடம்" என்றான். குழந்தை திரும்பி வந்து, "அத்தை, இன்னிக்கு காத்து தோத்துப்போச்சு" என்பாள். எனக்கு அந்த முறையில் உடன்பாடு இல்லை. ஆனால் ஞாயிறு காலைகளில் வாசற்கதவை நான்தான் திறந்து வைத்தேன்.

5. மருந்துக்கடை முன்னால் விழுந்தாள். தோள்பட்டை எலும்பு முறிந்தது. முன்பல் பாதி உடைந்தது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் இப்போது சைக்கிளில் ஏறினால் முதல் மூடி வரை வருகிறாள், கால் ஊன்றுகிறாள், இறங்கித் தள்ளிக்கொண்டு வீடு திரும்புகிறாள். அழுவதில்லை. அழுதால் தேற்றலாம். தம்பி ஒரு சொல்லும் வற்புறுத்துவதில்லை. பயத்தோடு ஓட்ட வைத்தால் அவள் வாழ்நாள் முழுக்கப் பயந்தே ஓட்டுவாள் என்கிறான். எங்கள் வீட்டிலிருந்து வெளியேற இந்தத் தெருவை விட்டால் வேறு வழி இல்லை.

6. என் முதல் மனுவின் பேரில் தங்கள் மேற்பார்வையாளர் நேரில் வந்தார். மூடியை மிதித்துப் பார்த்தார். "ஆடுது" என்றார். மூன்று மூடிகளையும் இருந்த வாட்டத்திலேயே சிமெண்ட் பூசி இறுக்கிவிட்டுப் போனார். குறை களையப்பட்டது என்று என் கைப்பேசிக்குத் தகவல் வந்தது. அதற்கு முன்பாவது கடப்பாரையால் நெம்பித் திருப்பியிருக்கலாம். இப்போது உடைத்தால்தான் உண்டு. உடைத்தால் அரசுச் சொத்தைச் சேதப்படுத்திய குற்றம் என்று அவரே எச்சரித்தார். மேலும், "டயர் மெலிசா இருந்தா நாங்க என்னம்மா பண்றது? தடியா ஒண்ணு வாங்கிக் குடுங்க. இதுவரைக்கும் எந்தக் காராவது விழுந்துச்சா?" என்றார். முப்பது ஆண்டுகள் தொலைபேசியில் வசவு கேட்டவள் நான். அன்று மாலையே இரண்டாம் மனுவை எழுதினேன்.

7. வேறு பிள்ளைகளும் விழுந்துவிடக் கூடாது என்று எங்கள் சாப்பாட்டு மேசை நாற்காலிகளில் மூன்றை எடுத்துப் போய் மூடிக்கு ஒன்றாக வைத்தேன். என் அடுத்த இரண்டு மனுக்களுக்கும் வராத நகராட்சி வண்டி அன்று மாலையே வந்து, போக்குவரத்துக்கு இடையூறு என்று நாற்காலிகளை ஏற்றிச் சென்றது. அவற்றைக் கேட்டு இம்மனு எழுதவில்லை. அலுவலகத்தில் யாராவது உட்காரட்டும்.

8. தம்பி மனைவி சைக்கிளை விற்க முடிவு செய்துவிட்டாள். "அண்ணி, அந்தப் பல்லு இனிமே முளைக்காது. இவரு சந்தோஷமா ஓட்டக் கத்துக் குடுத்தாரு, சரி. தெரு சந்தோஷமா இருக்கா?" என்றாள். பெற்றவளிடம் நான் என்ன வாதாடுவது? வாங்க வருபவர்கள் ஞாயிறு மாலை வருகிறார்கள்.

9. நேற்று குழந்தை என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். "ஞாயித்துக்கிழமை காலைல கடைசியா ஒரு தடவ போய்ப் பாக்கறேன் அத்தை. பாலம் வரைக்கும். ஆனா அந்தக் கம்பியெல்லாம் திருப்பி வெச்சிருவாங்களா?" என்று கேட்டாள். வைத்துவிடுவார்கள் என்றேன். ஐயா, என் கையில் இல்லாத ஒன்றை நான் இதுவரை யாருக்கும் வாக்களித்ததில்லை. அவளுடைய உடைந்த பல்லைப் பார்த்துக்கொண்டே வேறு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

10. அந்த ஒரு சவாரி நன்றாக நடந்துவிட்டால் அவள் தாய் மனம் மாறுவாள். மகள் கத்திக்கொண்டு இறக்கத்தில் போவதை அவள் ஒருமுறைதான் பார்த்திருக்கிறாள். அன்று அவளும் சிரித்தாள். நடக்காவிட்டால் சைக்கிள் போய்விடும். அதோடு என்ன போகும் என்பதை எந்த மனுவிலும் எனக்கு எழுத வராது.

ஆகவே, நாளை சனிக்கிழமைக்குள் சிமெண்டை உடைத்து, மூன்று மூடிகளையும் சாலைக்குக் குறுக்காகத் திருப்பிப் போட ஆணையிடுமாறு வேண்டுகிறேன். இரண்டு ஆள், அரை நாள் வேலை. கூட நின்று எடுத்துக் கொடுக்க நான் இருக்கிறேன். இதுவரை எவரிடமும் கெஞ்சி எழுதியதில்லை. இதைக் கெஞ்சல் என்றே தாங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

தங்கள் ஆட்கள் வரவில்லையென்றால், ஞாயிறு காலை ஆறு மணிக்கு மருந்துக்கடை முன் உள்ள மூடியின் மேல் நான் ஏறி நிற்பேன். குழந்தை என்னைச் சுற்றிக்கொண்டு போய்விடுவாள். தம்பி அவளுக்குப் பின்னால் வர வேண்டும். அவனை ஒரு மூடியின் மேல் நிறுத்த முடியாது. மற்ற இரண்டு மூடிகளின் மேல் நிற்க என்னிடம் ஆள் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
மூலை வீட்டின் உரிமையாளர்

இடம்: மேற்படி தெரு
நாள்: வெள்ளிக்கிழமை, காலை